பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள்

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, மழைக்கு ஒழுகும் வகுப்பறை, காலியாகக் கிடக்கும் கணக்கு வாத்தியார் பணியிடம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே ஓடும். எல்லாம் வேண்டியவைதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21 ஆவது பிரிவில் இப்படி ஒரு குழுவை உண்டாக்கியது கட்டட வேலைக்காக மட்டும் இல்லை. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அது வைத்த நிபந்தனையைப் பாருங்கள். சிமெண்டுக் கணக்கு பார்க்க அம்மாக்கள் எதற்கு? பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதுதான் அந்தச் சட்டம் குழுவுக்குக் கொடுத்த முதல் வேலை. பள்ளிக்குள் பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதும் அதில் அடக்கம்.

இந்த மடல் அதிலும் ஒரு மூலையைப் பற்றியது. ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அந்த மற்ற பிள்ளைகளைப் பற்றியது.

அடிக்கிற பையனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அடிபடுகிறவனைப் பற்றியும் பேசுகிறார்கள். எண்ணிக்கையில் இந்த இரண்டு பேரையும்விட எப்போதும் அதிகமாக இருப்பவர்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. கனடாவின் டொராண்டோ நகரில் சில ஆராய்ச்சியாளர்கள் ஆரம்பப் பள்ளி விளையாட்டுத் திடல்களைக் காணொளியில் பதிவு செய்து பார்த்தார்கள். கேள்வித்தாள் நீட்டிப் பதில் வாங்கவில்லை. பிள்ளைகளின் உடையில் சின்ன ஒலிவாங்கியைப் பொருத்தி, தூரத்தில் கேமராவை வைத்து, நடப்பதை நடந்தபடியே பதிந்தார்கள். 2001 இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஒரு பிள்ளையை மற்றவர் சீண்டித் துன்புறுத்திய சம்பவங்களில் நூற்றுக்கு 88 இல் வேறு பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். யாராவது குறுக்கே புகுந்தது நூற்றுக்கு 19 இல்தான். ஆனால் அப்படிப் புகுந்தபோது, பாதிக்கும் மேலான நேரங்களில், நூற்றுக்கு 57 என்பது அவர்கள் கணக்கு, பத்து விநாடிக்குள் சங்கதி முடிந்துபோனது.

பத்தே விநாடி. பெரியவர்கள் விசாரணை நடத்த நாற்காலியை இழுத்துப் போடவே அதைவிட அதிக நேரமாகும்.

பிறகு ஏன் பிள்ளைகள் புகுவதில்லை? பயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியை 1968 இல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு விசித்திரமான சோதனையில் காட்டினார்கள். கல்லூரி மாணவர் ஒருவரை ஓர் அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். சுவரில் இருக்கும் துவாரம் வழியாகப் புகை உள்ளே வரும். தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். அதே அறையில், புகையைக் கண்டும் காணாததுபோல் நடிக்க ஏற்பாடு செய்யப்பட்ட இருவர் கூட இருந்தபோது, பத்தில் ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே படிவத்தை நிரப்பினார்கள். அறையே புகை மண்டினாலும் பக்கத்தில் இருப்பவன் பேசாமல் இருக்கிறானே, அப்படியானால் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும். வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், நாற்பது பேர் உள்ள ஏழாம் வகுப்பில், முப்பத்தேழு முகங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் எழுந்திருப்பது எவ்வளவு கடினம்!

நம் வகுப்பறைகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. வாத்தியார் வெளியே போனால் லீடர் கரும்பலகையின் ஓரத்தில் பேசுகிறவர்களின் பெயரை எழுதுவான். திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, பிறகு இன்னொன்று. தலைமுறை தலைமுறையாக இதே நடைமுறை. பேசினால் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அதிகாரபூர்வமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். ஒருவனுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் காட்டிச் சிரித்தவன் பெயர், ஒருத்தியின் நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைத்தவன் பெயர் என்றைக்காவது அந்தப் பலகையில் ஏறியிருக்கிறதா? சத்தம் குற்றம், கொடுமை குற்றமில்லை என்ற பாடத்தைப் பாடத்திட்டத்தில் யாரும் எழுதவில்லை. பிள்ளைகளாகவே படித்துக்கொண்டார்கள்.

ஃபின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1996 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைப் பிரித்துக் காட்டியது. அடிக்கிறவனுக்குக் கையாளாகப் போகிறவர்கள் சிலர். சிரித்துக் கைதட்டி ஏற்றிவிடுகிறவர்கள், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். எனக்கு எதுக்கு என்று ஒதுங்குகிறவர்கள், ஏறத்தாழ நான்கில் ஒருவர். அடிபடுகிறவன் பக்கம் போய் நிற்பவர்கள், ஆறில் ஒருவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அவர்கள். அதில் ஒரு விவரம் யோசிக்க வைக்கிறது. பெண் பிள்ளைகளில் பத்தில் மூன்று பேர் துணை நிற்கிறவர்களாக இருந்தார்கள். ஆண் பிள்ளைகளில் இருபதுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. வீரத்தை ஆண் பிள்ளைகளுக்கென்று பட்டா போட்டுக் கொடுத்திருக்கும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

ஒருவேளை, வீரம் என்று நாம் காட்டித்தந்ததே தப்பான சாமானாக இருக்கலாம். தமிழ்ப் படத்தில் அநியாயத்தைத் தட்டிக் கேட்பது என்றால் ஒரே வழிதான்: கதாநாயகன் சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்குவான், பத்துப் பேர் பறப்பார்கள். டொராண்டோ பிள்ளைகளும் அடிக்கிறவன் மேல் பாய்ந்தபோது பெரும்பாலும் கோபத்தோடும் கையோங்கியும்தான் பாய்ந்தார்கள். அடிபடுகிறவனிடம் போனவர்களோ, இருவருக்கும் நடுவில் போனவர்களோ அவ்வளவு முரட்டுத்தனம் இல்லாமலே காரியத்தை முடித்தார்கள். உடம்பில் வலு இல்லாத பிள்ளைக்கும் செய்ய ஏதோ இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. "டேய், சார் உன்னைக் கூப்பிடுறாரு, வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். போய்ப் பக்கத்தில் உட்காரலாம். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பதே சிரிக்கிறவனுக்குப் பாதி ருசியைக் கெடுத்துவிடும். அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் போனால், சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் போய், "அவன் பண்ணினது தப்புடா" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். இவை எதுவும் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. சொல்லித்தர வேண்டும், நடித்துப் பார்க்க வைக்க வேண்டும்.

இதைப் படிக்கும் அம்மாக்களில் பலருக்கு இந்த இடத்தில் ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கும். "உனக்கு எதுக்குப்பா ஊர் வம்பு? போனோமா, படிச்சோமான்னு இரு."

அந்த வாக்கியத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது, அநியாயமும்கூட. அதற்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. நெல்லை மாவட்டத்து நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் மாணவன், உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னான், புகார் எழுதி வாங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 9 ஆம் தேதி இரவு, வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் சிறுவர்கள்தான். குறுக்கே விழுந்து தடுத்த தங்கைக்கும் வெட்டு. புகார் ஒரு பக்கம் போனது, பழி இன்னொரு பக்கமிருந்து வந்தது, இடையில் நிற்க யாரும் இல்லை.

ஆக, பிள்ளைகளிடம் "தைரியமாக இரு" என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொள்வது கல்வி ஆகாது. சிறுவனை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிற வேலை அது. அநியாயத்தைப் பார்த்துச் சொல்லும் பிள்ளைக்கு, சொன்ன அன்றைக்கு மாலை யார் துணையோடு வீடு திரும்புவது, சொன்னது யார் காதுவரை போகும், யார் காதுக்குப் போகாது என்பவை முடிவாகியிருக்க வேண்டும். முடிவு செய்ய வேண்டியது பதினான்கு வயதுப் பிள்ளை இல்லை. இந்த மடல் மாணவர்களுக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுவதன் காரணம் இதுதான்.

ஒரு பிள்ளை சொன்னதைப் பெரியவர்கள் காதில் போட்டுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே நெல்லைச் சீமையில், நூறு வருஷத்துக்கு முந்தைய சாட்சி ஒன்று இருக்கிறது.

வ.வே.சு. ஐயர் 1922 இல் தொடங்கிய குருகுலம் சேரன்மாதேவியில் நடந்துகொண்டிருந்தது. தேசபக்தியும் உழைப்பும் சேர்ந்த கல்வி அங்கே தரப்படும் என்று எல்லாச் சாதியாரும் நன்கொடை கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, அதில் ஐயாயிரத்தைக் கொடுத்தும்விட்டது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பந்தி. அவர்களுடைய பெற்றோரின் விருப்பப்படி அப்படி நடக்கிறது என்று ஐயர் தரப்பில் சொன்னார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அந்தக் குருகுலத்தில் படித்தவர். பாகுபாட்டை அந்தச் சிறுவன் அப்பாவிடம் சொன்னான்.

அப்பா, "பெரியவர்கள் சமாச்சாரம், நீ படிப்பைப் பார்" என்று சொல்லியிருக்கலாம். குருகுலத்தை நடத்துகிறவரோ லண்டன் வரை போய் வெள்ளைக்காரனை எதிர்த்தவர், ஊரே கும்பிடுகிற தியாகி. அப்பா அப்படிச் சொல்லவில்லை. விஷயம் காங்கிரஸ் தலைவர்களிடம் போனது. டாக்டர் வரதராஜுலு நாயுடு மேடையிலும் தம்முடைய 'தமிழ்நாடு' இதழிலும் கிளப்பினார். காங்கிரஸில் முன்வரிசையில் இருந்த பெரியார் மீதிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று நின்றார். 1925 இல் காந்தியின் காதுவரை போன வழக்கு அது. தமிழக அரசியல் போன திசையில் அந்தப் பந்திக்கு எவ்வளவு பங்கு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் எழுதுகிறார்கள். மகன் சொன்னதைக் கேட்ட அந்த அப்பா 1947 இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும், எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போக வழிசெய்யும் சட்டமும் அவருடைய ஆட்சியில் நிறைவேறின. அந்தப் பையன் யாரையும் எதிர்த்து நிற்கவில்லை, கையோங்கவில்லை. வீட்டில் வந்து சொன்னான், அவ்வளவுதான். மீதி வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அநியாயம் செய்கிறவர் ஆசிரியராகவே இருந்தால்? அப்போது வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையாலும் குறுக்கே புக முடியாது, புகச் சொல்வதும் நியாயமில்லை. 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். வெளியே வந்தது எப்படித் தெரியுமா? ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்தது. எப்படிடா கொசு கடித்தது என்று அம்மா விசாரித்தபோதுதான் கழிப்பறை கழுவுகிற கதை வந்தது. அதுவரை, கழுவாத பிள்ளைகளின் வீடுகளில் யாருக்கும் தெரியவில்லையா, தெரிந்தும் பேசவில்லையா? பாதிக்கப்பட்ட பிள்ளை வெட்கத்தால் வீட்டில் சொல்லாமல் இருக்கும். பாதிக்கப்படாத பிள்ளைக்கு அந்த வெட்கம் இல்லை, அதனால் முதலில் சொல்லக்கூடியது அதுதான். "இன்னைக்கு என்ன மார்க்கு?" என்று மட்டும் கேட்கும் வீட்டில் அதற்கு வாய் திறக்காது. "இன்னைக்கு வகுப்புல யாரையாச்சும் அழ வச்சாங்களா? நீ என்ன பண்ணின?" என்று வாரத்தில் ஒரு நாள் கேட்கும் வீட்டில் திறக்கும். கேட்டுவிட்டு, பிள்ளை "ஒண்ணும் பண்ணலை" என்று சொன்னால் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த வாரம் "யாரும் அழலை" என்றுதான் பதில் வரும்.

பள்ளி அளவில் என்ன செய்யலாம் என்பதற்கு ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' திட்டம் நல்ல மாதிரி. 2007 முதல் 2009 வரை 234 பள்ளிகளில், பாதிப் பள்ளியில் திட்டத்தை நடத்தியும் மறுபாதியில் நடத்தாமலும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பாடவேளைகளில் பிள்ளைகள் கலந்து பேசுவதும் நடித்துப் பார்ப்பதும் உண்டு. இடைவேளையில் மேற்பார்வை பார்க்கும் ஆசிரியர்கள் பளிச்சென்று தெரியும் மேலங்கி போட்டிருப்பார்கள், தேடி ஓட வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு வேறொன்று. ஒரு பிள்ளை தொல்லைக்கு ஆளாகிறது என்று தெரிந்தால், அதே வகுப்பில் மற்றவர்கள் மதிக்கிற, நல்ல குணமுள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளை ஆசிரியர் தனியே கூப்பிடுவார். "உங்களால் அவனுக்கு எப்படித் துணையாக இருக்க முடியும்?" என்று அவர்களிடமே யோசனை கேட்பார். நம் பள்ளிக்குப் பொருத்திப் பார்த்தால் அந்த இடத்துக்கு முதல் மார்க்கு வாங்குகிறவனைவிடக் கபடி டீம் கேப்டன் பொருத்தமாக இருக்கலாம். அவன் போய் ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் வகுப்பின் காற்றே மாறிவிடும்.

சோதனையில் தொல்லைகள் குறைந்தன. மாயமந்திரம் ஒன்றும் இல்லை. சின்ன வகுப்புகளில் நன்றாகவே பலித்தது, எட்டு ஒன்பதாம் வகுப்பு என்று போகப்போகப் பலன் மெலிந்தது. மீசை அரும்பிய பிறகு உபதேசம் ஏறாது என்பது பெற்றவர்களுக்குத் தெரிந்ததுதான். தொடங்க வேண்டிய இடம் மூன்றாம், நான்காம் வகுப்பு. மேல்நிலைப் பள்ளியில் மோதல் வந்த பிறகு சமாதானக் கூட்டம் போடுவது காலம் கடந்த வைத்தியம்.

பெரிய பிள்ளைகளிடம் உபதேசம் எடுபடாவிட்டாலும், அவர்களே தொடங்கினால் கதை வேறு. 2007 இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் இளஞ்சிவப்புச் சட்டை போட்டு வந்ததற்காக அவனைக் கேலி செய்து மிரட்டினார்கள். டேவிட் ஷெப்பர்ட், டிராவிஸ் பிரைஸ் என்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு பேர் கடைக்குப் போய் மலிவு விலையில் ஐம்பது இளஞ்சிவப்புச் சட்டை வாங்கினார்கள். நண்பர்களுக்கும் தகவல் அனுப்பி, மறுநாள் வாசலில் நின்று கொடுத்தார்கள். அன்றைக்குப் பள்ளியே இளஞ்சிவப்பு நிறம். மிரட்டியவர்களை யாரும் அடிக்கவில்லை, பெயர் சொல்லித் திட்டக்கூட இல்லை. அவர்கள் சிறுபான்மை ஆகிப்போனார்கள், அது போதுமானதாக இருந்தது. கனடாவில் இப்போது ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை அந்தச் சட்டைக்கான நாள்.

நம் ஊரிலும் மாணவர்கள் நிறம் அணிவது உண்டு. மணிக்கட்டில் வண்ணக் கயிறு, அதற்கேற்ற பொட்டு, சைக்கிளுக்கும் அதே சாயம். யார் எந்தச் சாதி என்று வெளியூர்க்காரருக்குப் புரியாது, வகுப்பில் ஒவ்வொருவனுக்கும் புரியும். ஒற்றுமையைக் காட்ட நிறத்தைப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகள்தான் நம் பிள்ளைகளும். எதற்கான ஒற்றுமை என்பதைத்தான் பெரியவர்கள் தப்பாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிற்றுக்கும் மோதிரத்துக்கும் தடை, வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி இருக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்று பல பரிந்துரைகள். கயிறு பற்றிய பரிந்துரைக்குத்தான் தொலைக்காட்சி விவாதங்களில் இடம் கிடைத்தது. இந்த மடலின் பொருளுக்கு நெருக்கமானது இருக்கை. யார் யாரோடு உட்காருவது என்று பிள்ளைகளே முடிவு செய்தால் தெருவில் இருக்கும் கோடு வகுப்புக்குள்ளும் வந்துவிடும். தெரியாதவனுக்காக யாரும் பரிந்து பேசுவதில்லை. ஒரு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்காகப் பேசுவார்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, ஒரு தலைமை ஆசிரியரும் ஒரு குழுத் தீர்மானமும் போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு வீட்டுப் பிரம்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது நம் பழமொழி. ஆனால் ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. சாமுவேல் ஆலினர், பேர்ல் ஆலினர் என்ற தம்பதியர், நாஜிகளிடமிருந்து யூதர்களைத் தம் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய நானூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பேசி, 1988 இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சாமுவேலே சிறுவனாக இருந்தபோது அப்படி ஒரு குடும்பத்தால் காப்பாற்றப்பட்டவர். காப்பாற்றியவர்களின் பெற்றோர் எப்படி வளர்த்தார்கள் என்று கேட்டபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வீடுகளில் அடி குறைவு, விளக்கிச் சொல்வது அதிகம். நல்லது கெட்டது நம்மவர்களுக்கு மட்டுமானதில்லை, எல்லா மனிதருக்கும் பொதுவானது என்று சொல்லி வளர்த்தார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. அடிக்குப் பயந்து கீழ்ப்படியப் பழகிய பிள்ளை, வகுப்பில் வலுத்தவன் யாரோ அவனுக்கும் கீழ்ப்படியும்.

பாதகம் செய்பவரைக் கண்டால் பயப்படக் கூடாது என்று சொல்லும் பாப்பா பாட்டை ஆண்டு விழாவில் அபிநயத்தோடு ஒப்பிக்கும் பிள்ளைக்குக் கைதட்டல் பலமாகவே கிடைக்கும். மேடையை விட்டு இறங்கி அந்தப் பாட்டு சொல்வதைச் செய்தால்தான் வீட்டில் வசவு. பிள்ளைகள் பாட்டைவிட வசவைத்தான் நம்புகிறார்கள், சரியாகவே நம்புகிறார்கள்.

பெரியவர்கள் செய்வதைப் பிள்ளைகள் எவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள் என்பதற்கு அண்மைக்காலத்திலேயே உதாரணங்கள் உண்டு. 2018 இல் அவிநாசி வட்டாரத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்க வந்ததை எதிர்த்துப் பெற்றோர் சிலர் திரண்டார்கள். அவரை மாற்றினார்கள், பிறகு எதிர்ப்பு வலுத்து மீண்டும் அங்கேயே பணியமர்த்தினார்கள். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், பள்ளிக்குப் போகிற தலித் பிள்ளைகள் மிட்டாய் வாங்க வந்தபோது, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி ஒரு கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதைக் கடைக்காரர் தரப்பே காணொளியாக எடுத்துப் பரப்பியது, கைதும் நடந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்படாத வீட்டுப் பிள்ளைகளும் அதே கடையில்தான் மிட்டாய் வாங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் படித்த பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2023 இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவைத் தலித் பெண் சமைக்கிறார் என்று சில வீடுகள் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் செய்தபோது, மாவட்ட ஆட்சியர் நேரில் போய், அந்தப் பெண் சமைத்ததை வாங்கிச் சாப்பிட்டார். சட்டம் பாயும் என்று எச்சரிக்கவும் செய்தார். எச்சரிக்கை பெரியவர்களுக்கு, சாப்பிட்டது பிள்ளைகளுக்கு. ஆட்சியர் வந்துதான் செய்ய வேண்டும் என்றில்லை. அந்தச் சமையற்கூடத்திலிருந்து ஒரு தட்டு உப்புமா வாங்கிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட எந்தக் குழு உறுப்பினருக்கும் தடையில்லை.

கடைசியாகச் சில காரியங்கள். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பல பெற்றோர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். உங்கள் பள்ளியில் அது எங்கே தொங்குகிறது என்று அடுத்த கூட்டத்துக்கு முன் போய்ப் பாருங்கள். ஆசிரியர் அறை வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்தால் அதில் யாரும் சீட்டுப் போட மாட்டார்கள், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, திறக்கும்போது உடன் இருப்பவர் யார், அவர்களில் வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்த இரண்டு அம்மாக்கள் இருக்க முடியுமா என்று பேசி முடிவெடுங்கள். எழுதிய பிள்ளையின் பெயர் அறையை விட்டு வெளியே போகாது என்பதைத் தீர்மானமாகவே எழுதி, இறை வணக்கக் கூட்டத்தில் படிக்கச் செய்யுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதப்பட்டிருக்கட்டும். புகாரில் பழிவாங்கும் ஆபத்து தெரிந்தால் அன்றைக்கே காவல் நிலையத்துக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் தகவல் சொல்வது யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரைக் குறியுங்கள். "குழு பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் புகை அறைக் கதைதான், எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை நடிப்புக்கென்று ஒதுக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். தலைவலி அவருக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது, எமிஸ் இணையதளத்தில் விவரம் பதிவேற்றுவதே பாதி நாளைத் தின்றுவிடும். அதனால் கேட்பதோடு நிறுத்தாமல், நடத்துவதற்கு இல்லம் தேடிக் கல்வியில் முன்பு வேலை செய்த தன்னார்வலர் யாராவது ஊரில் இருக்கிறாரா என்று நீங்களே விசாரித்துப் பெயரோடு போங்கள். கரும்பலகை ஓரத்தில் பெயர் எழுதும் லீடருக்கும் ஒரு புது வேலை கொடுக்கலாம்: இந்த வாரம் யாருக்கு யார் துணையாக நின்றார்கள் என்று வெள்ளிக்கிழமை ஆசிரியரிடம் சொல்வது. முதல் சில வாரங்கள் எல்லோரும் தங்கள் கூட்டாளி பெயரைத்தான் சொல்வார்கள். பரவாயில்லை, சொல்லட்டும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிகளின் நலம் விரும்பும் ஒரு வாசகர்